தப்புக்கும் ஒரு கைதட்டு

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தலைமையாசிரியை தர்மாம்பாள் அவர்களே, துணைவியார் ரோஸ்லின் டீச்சரை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைராஜ் அவர்களே, நடவைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, என் பிள்ளைகளே! ஆசிரியர் துரைராசு பேசுகிறேன்.

நம் ஆங்கில ஆசிரியை ரோஸ்லின் அவர்கள் மறைந்து பத்து நாளாகிறது. பத்து நாளாக மூன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடக்கவில்லை. "டீச்சரே இல்ல, இனிமே இங்க எதுக்கு?" என்று சில தாய்மார்கள் பூதலூர் இங்கிலீஷ் பள்ளி வேன்காரரிடம் பேசிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த வேன் முதன்முதலாக ஊருக்குள் வந்த வருஷம் நினைவிருக்கிறதா? துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தகப்பன்மார் ஆங்கிலம் கேட்டார்கள். பாதி வகுப்பு வேனில் ஏறிப் போனது. டீச்சர் என்ன செய்தார்? சத்துணவுக் கூடத்துக்குப் போய் முறம் நிறையக் காய் வாங்கி வந்தார்! ஒரு தக்காளியைத் தனியே வைப்பார், நாலைக் கூட்டமாக வைப்பார். ஒன்றுக்கு என்ன பெயர்? பலவற்றுக்கு என்ன பெயர்? பல் விழுந்த பிள்ளை விழுந்த இடத்தைக் காட்டி 'டூத்' என்னும். மற்றவை வாயை அகலத் திறந்து 'டீத்' என்று கத்தும். விதிக்கு அடங்காத சொற்களுக்கு 'அடம்பிடிக்கிறதுங்க' என்று பெயர். யாராவது தப்பாகச் சொன்னால் சிரிக்கக் கூடாது. எல்லோரும் ஒரு தட்டு கை தட்ட வேண்டும். "வாயத் தொறந்துச்சுல்ல, அதுக்கு" என்பார்.

இனி நான் சொல்லப் போவது இத்தனை வருஷம் மறைத்தது. அந்த ஆங்கில வகுப்பை எடுக்க வேண்டியவன் நான்! ஆங்கிலம் என்றால் எனக்கு உதறல். என் பாடவேளையைத்தான் டீச்சர் தன் ஓய்வு நேரத்தில் எடுத்தார். ஒருநாள் கல்வி அலுவலர் வந்து என் வகுப்பில் உட்கார்ந்து, "ஆங்கிலம் எடுங்க" என்றார். கையில் சாக்பீஸோடு மரமாக நின்றேன். பக்கத்து வகுப்பிலிருந்து டீச்சர் முறத்தோடு வந்தார். "சார், நீங்க எடுத்து வைக்கச் சொன்னது. ஒண்ணு தனியா, மிச்சம் கூட்டமா இருக்கு."

நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான். பிள்ளைகளே எல்லாம் சொல்லிவிட்டார்கள். அலுவலர் மெச்சி எழுதிவிட்டுப் போனார். ஆண்டு விழாவில் அதற்குப் பொன்னாடை யாருக்கு? எனக்கு! கீழே உட்கார்ந்து டீச்சர் கை தட்டினார்.

"ஏன் டீச்சர் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். "புள்ளைங்க முன்னாடி நீங்க தலகுனியக் கூடாதுல்ல சார். நாளைக்கு நீங்களே எடுத்துப் பாருங்களேன்" என்றார். நாளைக்கு, நாளைக்கு என்றே ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன். பாவி நான்!

இதோ அந்தப் பொன்னாடை. உரியவர் படத்துக்குப் போடுகிறேன்.

தாய்மார்களே, வேன்காரருக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் சொல்லுங்கள். திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புக்கு முறத்தோடு நான் வருகிறேன். லின்சிக் கண்ணு, நீதானே வகுப்புத் தலைவி? சார் நிறையத் தப்புச் சொல்லுவேன். யாரும் சிரிக்க வேண்டாம். டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரி, எனக்கும் ஒரு தட்டு தட்டுங்கள்.