வகுத்தால் தடை, பெருக்கினால் சூடு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா சூடம் வாங்க ஆள் அனுப்ப வேண்டாம். என் வேட்டி மடிப்பிலேயே இருக்கிறது.

எனக்குக் குளிர் ஆகாது. அடுத்தவர் குளிரில் நடுங்கினாலும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். இந்த வழக்குக்கு மூலகாரணம் அந்த இளகிய மனசுதான். எடுத்த எடுப்பில் 'முத்திருளன் மைத்துனனைக் கொன்றான்' என்று எழுதிவிடாதீர்கள். கணக்கைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மதுரையில் ஒரு மில்லில் எலக்ட்ரிகல் பகுதியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் நான். எங்கள் சூப்பர்வைசர் பத்ரிநாத், சௌராஷ்டிரக்காரர், சாந்தமான மனிதர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"முத்திருளா, கரண்டுல ரெண்டே நம்பர்தான். வோல்ட்டு, ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா தடை எம்புட்டுன்னு தெரியும். ரெண்டையும் பெருக்குனா வாட்டு, அதாவது சூடு. உனக்கு எது வேணும்னு மொதல்ல முடிவு பண்ணிக்க."

எனக்கு எது வேண்டும் என்று முடிவு செய்ய ரொம்பக் காலம் பிடித்தது. அதற்குள் மில்லை விட்டு எழுமலைக்கு வந்துவிட்டேன். என் சம்சாரம் தங்கப்பொண்ணுக்கு அப்பன் வீட்டில் கொடுத்த நிலத்தில் மல்லிகை போட்டேன். கிணறு மட்டும் அவள் தம்பி வீரணனோடு பொது. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. அவனவன் கொட்டகையில் அவனவன் மோட்டார்.

வீரணன் ஓர் ஆட்டோ வாங்கி மாட்டினான். ஓட்டுகிற ஆட்டோ இல்லை ஐயா. கரண்டு எப்போது வந்தாலும் தானே மோட்டாரைப் போட்டுவிடுகிற பெட்டி. அது முறை பார்க்காது. என் முறையன்று விடியக் கரண்டு வரும். நான் பல் விளக்கிவிட்டுப் போவதற்குள் கிணறு சேறாகக் கிடக்கும்.

"மாப்ள, இன்னிக்கு என் முறைல்ல?"

"தெரியும் மச்சான். நானா போட்டேன்? ஆட்டோ போட்டுருச்சு. நீங்கதான் மில்லுல கரண்டு படிச்சவராச்சே, அதுக்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க."

வீட்டில் வந்து முறையிட்டால் தங்கப்பொண்ணு உலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பாள்: "எந்தம்பி மோட்டாருக்குக் காலண்டர் பாக்கத் தெரியுமா?"

மார்கழி பிறந்தபோது என் செடிகள் இலை சுருண்டு நின்றன. மொட்டெல்லாம் நொய்யரிசி. இன்னும் இரண்டு முறை தண்ணீர் தவறினால் தோட்டம் விறகு. ஆனாலும் நான் கோபப்படவில்லை. கோபப்பட்டால் கணக்கு தப்பும்.

அவன் ஸ்டார்ட்டர் பெட்டியில், வயர் வந்து சேருகிற ஒரு திருகாணியை அரைச் சுற்று தளர்த்தினேன். கழற்றவில்லை, தளர்த்தத்தான் செய்தேன். அடுத்து மோட்டார் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன். வயரில் எட்டு ஆம்பியர். தளர்ந்த இடத்தில் மட்டும் இருபத்து நாலு வோல்ட் விழுகிறது. வகுத்தால் தடை மூன்று ஓம். பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வாட். நூறு வாட் குண்டு பல்பைத் தொட முடியுமா? ஏறக்குறைய இரண்டு பல்புச் சூடு, புளியங்கொட்டை அளவு இடத்தில். மேலே தென்னங்கீற்றுக் கூரை.

பியூஸ் போயிருக்குமே என்று கேட்பீர்கள். பியூஸுக்கு ஆம்பியரைத்தான் பார்க்கத் தெரியும். ஆம்பியர் கூடவே இல்லையே. பத்ரிநாத் இருந்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

மோட்டார் களவு போய்விடும் என்று வீரணன் கொட்டகையில்தான் படுப்பான். வாடைக்காற்றில் இருமல் வேறு. பார்க்கப் பாவமாக இருந்தது.

"மாப்ள, கட்டிலை ஏன் வாசல்ல போட்டுருக்க? ஸ்டார்ட்டருக்குக் கீழ இழுத்துப் போடு. கதகதன்னு இருக்கும்."

"கூடப் பொறந்த அக்காகூட இம்புட்டு யோசிக்கல மச்சான்" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. கட்டிலின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்துத் தூக்கிப் போட்டேன். காற்று உள்ளே வரக்கூடாதே என்று படலைச் சாத்தி, வெளியே கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தவனும் நான்தான்.

விடியும்போது கரண்டு வந்தது. அன்று என் முறை. ஆட்டோ வழக்கம்போல மோட்டாரைப் போட்டது. கிணறு வற்றி அடி தெரிந்த பிறகுதான் கூரையில் புகை கிளம்பியது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அணைக்க ஒரு குடம் தண்ணீர் இல்லை. என் முறைத் தண்ணீரை என்னிடமே விட்டிருந்தால் முதல் குடத்தை நானே ஊற்றியிருப்பேன். அந்த ஒரு வருத்தம் எனக்கு உண்டு.

தங்கப்பொண்ணு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மல்லிகைக்கு வாய்க்கால் வெட்டப் போனேன். ஊற்று ஊறியதும் தண்ணீர் என் பக்கம் வரும் அல்லவா?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. வீரணனைக் கொன்றது நான்தான். திருகாணி, கட்டில், கயிறு எல்லாம் என் கைவேலை. மிச்சத்தைக் கணக்கு செய்தது, கணக்கில் பிழையும் இல்லை.

இன்னும் ஒரு தகவல், கேட்டால் சொல்ல வேண்டியதுதானே. அந்தக் கிணற்றுக்குக் கரண்டு கேட்டு நானும் வீரணனும் கூட்டாகப் போட்ட மனு இன்னும் வரிசையில்தான் நிற்கிறது. எங்கள் பக்கம் இதுவரை ஒரு கம்பம்கூட நடவில்லை, நேற்றுக்கூட இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் மின்வாரிய ஆபீசுக்குப் போய் எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வந்தோம்.