வெள்ளகோவிலில் திறக்காத பக்கம்

வியாபாரம் பண்ற உங்ககிட்ட ரொம்ப நேரமா புத்திமதியாவே பேசிட்டு இருக்கேன், உங்களுக்கும் கொட்டாவி வருது. ஒரு சின்னக் கதை சொல்லட்டுங்களா? சின்னதுதான்... ஆனா என் கையைச் சுட்ட கதை.

எனக்குத் தொழில் நாட்டுக்கோழிக் குஞ்சு. முட்டையைப் பொரிக்கற மெஷின்ல அடுக்கிட்டா இருபத்தோராம் நாள் குஞ்சு வெளியே வந்துடும். "ஆர்டர் இல்லை, அடுத்த வாரம் வா"ன்னு குஞ்சுகிட்டச் சொல்ல முடியுமா? முடியாதுங்க. வந்த ரெண்டு நாளைக்குள்ள அது ஒரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தாகணும். சேரலைன்னா சோர்ந்து விழுந்துடும்.

எங்ககிட்ட வாங்கிப் பண்ணைகளுக்கு விக்கறது தீவனக் கடைக்காரங்க; அவங்க எங்க வெப்சைட்லதான் ஆர்டர் போடுவாங்க. போன மாசி மாசம் அதைப் புதுசாக்கினோம். செஞ்சு கொடுத்தது மோகனப்பிரியான்னு ஒரு பொண்ணு, கெட்டிக்காரி. "பக்கம் எழுதற முறையே மாறிப்போச்சுங்ணா, புது ஸ்டாண்டர்ட்ல எழுதிடறேன்"னாங்க. எழுதினாங்க. என் போன்ல திறந்து பார்த்தேன்... தேதிப் பெட்டியைத் தொட்டா காலண்டர் விரியுது! ஆபீஸே கை தட்டுச்சு.

அடுத்த வியாழக்கிழமை எட்டாயிரம் குஞ்சு வெளியே வரணும். திங்கக்கிழமை பார்க்கறேன்... ஆர்டர் ரெண்டாயிரம். செவ்வாய்க்கிழமை பார்க்கறேன்... அதே ரெண்டாயிரம்! என்ன ஆச்சு? எங்க பண்ணையில நோய்னு எவனாவது புரளி கிளப்பிட்டானா? பக்கத்து ஊர்க்காரன் விலையை இறக்கிட்டானா? உட்கார முடியலை, நிக்க முடியலை. நானும் குஞ்சுக்கு ரெண்டு ரூபாய் குறைச்சு வெப்சைட்ல போட்டேன். ம்ஹூம்... அசையலை.

புதன்கிழமை காலையில பொறுக்க முடியாம ராக்கியண்ணனுக்குப் போன் போட்டேன். வெள்ளகோவில்ல தீவனக் கடை வெச்சிருக்காரு, வாராவாரம் நானூறு குஞ்சு எடுக்கறவரு.

"ஏனுங்க, எங்களை மறந்துட்டீங்களா?"

"நான் எங்கீங்க மறந்தேன்? நீங்கதானே வராதேன்னு எழுதிப் போட்டிருக்கீங்க!"

"வராதேன்னா? விலைகூடக் குறைச்சிருக்கேனுங்க!"

"எங்கே குறைச்சீங்க?"

"வெப்சைட்ல..."

"நல்லாப் போச்சு போங்க! கதவைச் சாத்திட்டு உள்ளுக்குள்ள தள்ளுபடியாக்கும்?"

மோகனப்பிரியாவை வண்டியில ஏத்திட்டு ஒரே ஓட்டம். கடைக்குள்ள போனோம். தவிட்டுத் தூசி படிஞ்ச ஒரு பழைய கம்ப்யூட்டர். திரையில என் கம்பெனி பேரு. அதுக்குக் கீழே ஒரே ஒரு வரி: "உங்கள் பிரவுசர் பழையது. மாற்றிக்கொண்டு வரவும்."

"படிச்சீங்களா?"ங்கறாரு ராக்கியண்ணன். "விருந்துக்கு வந்தவனை வாசல்ல நிறுத்தி, சட்டை பழசா இருக்கு, மாத்திட்டு வான்னா... அவன் திரும்பி வருவானுங்களா? பக்கத்து வீட்ல சாப்பிட்டுட்டுப் போயிடுவான்."

மோகனப்பிரியா மெதுவா கேக்குது. "புதுக் கம்ப்யூட்டர் வாங்கிடலாமேங்ணா?"

"வாங்கலாம் அம்மணி. எடை மெஷினும் பில்லும் இதோட கோத்திருக்கு, புதுசுல ஓடாதுன்னுட்டாங்க. எடை போடறதை நிறுத்திட்டு உங்க காலண்டரைப் பார்த்துட்டு உட்காரட்டுங்களா?"

நான் அந்தப் பொண்ணுகிட்டத் திரும்பினேன். "ஏம்மா, புது முறையில எழுதினா பழசுல திறக்கவே திறக்காதா?"

தலையைக் குனிஞ்சுக்குச்சு. "திறக்கும்ங்ணா. காலண்டர் பெட்டின்னா என்னன்னு பழைய பிரவுசருக்குத் தெரியாது. அதனால சாதாரணப் பெட்டியா காட்டிடும். புது முறையையே அப்படித்தான் வகுத்திருக்காங்க."

"அப்போ... சாத்தினது யாரு?"

"நான்தான். பழசுல பார்த்தா கோணல்மாணலா இருக்கும், அழகு கெட்டுடும்னு..."

நான் திட்டலைங்க. கை தட்டினவன்தானே நானும்?

அங்கேயே மூட்டை மேல உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்துச்சு. பழைய பிரவுசரைத் தடுக்கற வரியை எடுத்துச்சு. தேதியை யார் எப்படி எழுதினாலும் வாங்கிக்கற மாதிரி மாத்துச்சு. பக்கம் திறந்துச்சு. கோணல்தான்! பெட்டிக்குக் கீழே பெட்டி, காலண்டரும் இல்லை, ஒண்ணும் இல்லை. ராக்கியண்ணன் ரெண்டு விரலால தேதிப் பெட்டியில தட்டினாரு: "வெள்ளி காலை, வெயிலுக்கு முந்தி." எண்ணிக்கை நானூறு. அனுப்பினாரு. என் பையில போன் சிணுங்குச்சு.

அப்புறம் ஒவ்வொரு கடைக்கா போன்... "திறந்தாச்சுங்க, பாருங்க, திறந்தாச்சுங்க"ன்னு! வியாழக்கிழமை குஞ்சு வந்துடுச்சு. சனிக்கிழமைக்குள்ள ஏழாயிரத்துச் சொச்சம் போச்சு. மீதி... போகலை. குஞ்சு விழுந்து கிடந்த தட்டுகளை நானே தூக்கிட்டுப் போனேன். அதுக்கு மேல கேக்காதீங்க.

இதை எதுக்குச் சொல்றேன்? புதுசு வேண்டாம்னா? ஐயோ, இல்லைங்க! அந்தக் காலண்டர் இன்னிக்கும் இருக்கு, போன்ல வர்ற பண்ணைக்காரங்க அதைத்தான் தொடறாங்க. பழசுக்காகப் புதுசை நிறுத்தறவன் வியாபாரத்தையே நிறுத்தறவன். ஆனா புதுசைக் கண்டுபிடிச்சவங்களே பழசுக்கு ஒரு வழி விட்டுத்தான் வெச்சிருக்காங்க. அந்த வழியை அடைக்கறது நம்ம பகட்டு. காலண்டர் தெரியலையா? போகட்டும். எழுத ஒரு பெட்டி தெரியுதா? அது போதும், ஆர்டர் வந்துடும். புதுப் பக்கம் திறக்கற அன்னிக்கு உங்க ஆபீஸ்ல பார்த்துக் கை தட்டாதீங்க. வாங்கறவர் கடைக்குப் போங்க. அவர் நாற்காலியில உட்காருங்க. அவர் மெஷின்ல ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க.

ஏன் நாளைக்கு? இப்பவே எடுங்க போனை. உங்க வாடிக்கையாளர்ல ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவர் யாரு? கூப்பிட்டுக் கேளுங்க, "எங்க பக்கம் உங்களுக்குத் திறக்குதுங்களா?"ன்னு.

என்ன... ஒருத்தரும் போனை எடுக்கக் காணோம்? அப்படி ஒருத்தர் பேரு ஞாபகம் வரலையா?

அப்போ அவரு பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போய் ரொம்ப நாளாச்சுங்க.