நான்கு வரிகளும் ஐந்து பற்களும்

பல் ஆஸ்பத்திரி நாற்காலியைப் போல வசதியான நாற்காலியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தலைக்குத் தனியாக, காலுக்குத் தனியாகச் சாய்கிறது. அன்று காலை நான் அதில் உட்கார நேர்ந்தது எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன், ஐயா.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் செய்து தருகிறது. அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிறான கெர்னலில், நெட்வொர்க் வாசல் என் பொறுப்பு. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் தன் நீளத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு வரும். அதை நம்பாமல் இருப்பதுதான் என் வேலை. நம்பி உள்ளே விட்டால், ஒதுக்கிய இடம் போதாமல் பக்கத்து நினைவகத்தின் மேல் வழிந்து, அங்கிருப்பதை அழித்துவிடும். அளந்து பார், பெரிதென்றால் தூக்கி எறி என்று நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். எட்டு வருஷமாக ஒரு சொட்டும் வழியவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில், பொத்தானுக்கு நீல நிறம் தேர்ந்தெடுத்தவருக்குக் கைதட்டினார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"எதுவும் ஆகாம பாத்துக்கறேன் சார்."

"அதான் எதுவுமே ஆகலையே. அப்புறம் நீங்க எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயமான கேள்விதான். ஒரு செயல்முறை விளக்கம் தேவைப்படுகிறது என்று புரிந்துகொண்டேன்.

மறுநாள் புரோகிராமிலிருந்து அந்த நான்கு வரியையும் எடுத்துவிட்டேன். எங்கள் விதிப்படி இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பக்கத்து மேஜையில் என் மைத்துனன், மனைவியின் தம்பி.

"மாமா எழுதினத நான் போய்ப் பாக்கறதா?" என்று திரையைப் பார்க்காமலே பொத்தானை அமுக்கினான். மரியாதை தெரிந்தவன். வரியில்லாத புரோகிராம் அன்றிரவே எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்று வாரம் காத்திருந்தேன். பெரிய பொட்டலம் ஒன்றுகூட வரவில்லை. உலகம் இவ்வளவு ஒழுக்கமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேறு வழியின்றி நானே ஒன்றைத் தயாரித்தேன். உள்ளே முழுக்க 'அ', 'அ', 'அ'. சோதனை என்றால் எங்கள் ஆட்கள் முதல் எழுத்தைத்தான் நிரப்புவார்கள். அது ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் குறித்த நேரத்தில் தானாகப் போகும்படி வைத்துவிட்டு, பலனை நேரில் பார்க்க, 'பல் சுத்தம்' என்று டோக்கன் வாங்கிக்கொண்டு நானும் அங்கே போய் உட்கார்ந்தேன்.

திரை அணையும், எல்லோரும் பதறிப்போய் கம்பெனிக்குப் போன் போடுவார்கள் என்பது என் கணக்கு. திரை அணையவில்லை. பொட்டலம் வழிந்து விழுந்தது சிகிச்சைப் பட்டியலின் மேல். அங்கே 'சு' என்றால் சுத்தம். 'அ' என்றால் அகற்று. இது எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் என் மைத்துனனைப் போலத்தான். திரையில் வந்ததைச் சரிபார்க்கும் வழக்கமில்லை.

முதலில் ஒரு பஸ் கண்டக்டர் வாயில் பஞ்சோடு வெளியே வந்தார். "ஹுத்தம் பண்ணத்தானே வந்தேன்?" என்று சுவரிடம் கேட்டார். அடுத்து ஒரு தையல்காரர். பிறகு பள்ளிக்கூட டீச்சர், அவரோடு வந்த அவர் அக்கா. ஐந்தாவது நான்.

"வலி எங்க இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"வலியே இல்லீங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. வாயத் தொறங்க."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு பேர் சண்டை போடாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்க, நான் மட்டும் மறுப்பது சுயநலமாகப் பட்டது. வாயைத் திறந்தேன்.

எனக்கு அடுத்தவர் வக்கீல். அவர் வாயைத் திறந்தது கத்துவதற்கு. அதோடு நின்றது.

வீங்கிய கன்னத்தோடு ஆபீசுக்கு ஓடினேன். வரிகளைத் திரும்பப் போட்டுக் காப்பாற்ற வேண்டியவன் நானல்லவா? மைத்துனன் முந்திக்கொண்டிருந்தான். காணாமல்போன வரிகளைக் கண்டுபிடித்து, போட்டும் முடித்திருந்தான்.

"வரிய எடுத்தது யாருன்னு பதிவுல இருந்த உங்க பேரையும் அழிச்சுட்டேன் மாமா," என்று காதோடு சொன்னான். "அக்காவுக்குக்கூடத் தெரியாது. பயப்படாதீங்க."

சாயங்காலம் கூட்டம் போட்டு மேனேஜர் அவனைக் கட்டிப்பிடித்தார். "இவர் மட்டும் இல்லேன்னா நாம என்ன ஆயிருப்போம்?" என்றார்.

அவன்மீது எனக்குத் துளியும் பொறாமை இல்லை, ஐயா. மனசாட்சி உறுத்தியது, ஸ்டேஷனுக்கு வந்தேன், அவ்வளவுதான். வரிகளை எடுத்தது நான். பொட்டலத்தை அனுப்பியது நான். பதிவை அழித்தது அவன். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நான்கு வரியையும் முதன்முதலில் எழுதியவன் நான் என்பது முதல் பக்கத்திலேயே வர வேண்டும், முடிந்தால் கொஞ்சம் பெரிய எழுத்தில். அவனுக்குக் கைதட்டல் ஒரு நிமிஷம் நாற்பது வினாடி நீடித்தது.