முதல் நூலைச் சிவக்கொழுந்தே இணைக்கட்டும்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் கனகசபாபதி அவர்களே, எங்கள் நூல் ஆலையின் மனேஜர் தில்லைநாதன் அவர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் பாமன்கடையிலிருந்தும் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மாரே, முன்வரிசையில் இருக்கும் நூற்புப் பெண்களே, வணக்கம்.

நூற்கும் இயந்திரத்தை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரே வரிசையில் இருநூறு கதிர்கள்! இருநூறும் சுழலும், இருநூறிலும் பஞ்சு முறுக்கேறி நூலாய் நீளும். நடுவில் ஒரு நூல் அறுந்தால்? இயந்திரம் நிற்காது. மற்றவை ஓட ஓட, அந்த ஒரு கதிரை மட்டும் பிடித்து, அறுந்த நுனியை விரலால் இணைக்க வேண்டும்.

ஆண்கள் யுத்த வேலைக்குப் போனார்கள். பாதி இயந்திரங்கள் ஊமையாயின. பெண்களை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போனேன். மனேஜர் சிரித்தார்.

"அம்மா, இது கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில்லை."

"ஓம் தம்பி, தெரியுது. மடத்து மதர் இவ்வளவு குப்பை கிடக்க விடமாட்டா."

சிரியுங்கள், அவரே சிரிக்கிறார்!

அவர் ஒரு நூலை அறுத்து, "இணையுங்கோ பாப்பம்" என்றார். மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் தோற்றேன். என்னுடன் வந்த சிவக்கொழுந்து, துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்று கணவனைப் பறிகொடுத்தவள், சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். முதலில் தவறியது. பிறகு நூல் ஓடியது!

"இன்னொண்டை அறுங்கோ, ஐயா."

ஏழு அறுத்தார். ஏழும் இணைந்தன. பதினொரு பெண்களை அவளே பழக்கினாள்.

நாளை பெண்கள் பகுதி திறக்கிறது. முதல் நூலை இணைக்க ஒரு சுமங்கலி வேண்டுமாம். சிவக்கொழுந்து பின்னால் நிற்க வேண்டுமாம்! பழக்கிய கை பின்னால் நிற்பதா? பார்த்துக்கொண்டு நாம் இருப்பதா?

யாரது, "சகுனம் பாக்க வேண்டாமோ?" என்பது? எனக்குக் காது நன்றாகக் கேட்கும், பிள்ளை. நானும் இருபது வருட விதவை. குண்டு விழுந்த வாரம் உங்கள் குழந்தைகள் என் வீட்டு விறாந்தையில் படுத்தபோது யார் சகுனம் பார்த்தீர்கள்?

தலைவர் அவர்களே, நாளைய திறப்பு விழாவை நடத்துபவர் நீங்கள், முடிவு உங்கள் கையில், இப்போதே சொல்லுங்கள். அதோ, பதினொரு பெண்களும் எழுந்துவிட்டார்கள். என்ன, அருந்ததி? உரக்கச் சொல்.

"அக்கா தொட்டாத்தான் நாங்களும் தொடுவம்!"

தலைவர் தலையசைக்கிறார். பார்த்தீர்களா? தலையசைக்கிறார்!

சிவக்கொழுந்து, கண்ணைத் துடை. கையை நனைக்காதே, ஈர விரலில் பஞ்சு ஒட்டும். நாளை ஆறு மணிக்கு. ஐந்து நிமிடம் முந்தியே வந்து நில். பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. கேட்க விரும்பாமல் கேட்டவர்களுக்கு இரட்டை நன்றி. வணக்கம்.