முதல் ஐநூறு மைல்

இந்தக் கீழவைப்பார் உப்புக் கடற்காற்றில் நான்கு நாள் எண்ணெய் காட்டாமல் விட்டால் தையல் ஊசிகூடத் துருப்பிடித்துவிடும், ஐயா. அப்படிப்பட்ட ஊரில், நாற்பத்துமூன்றில் செய்த ஒரு பட்டாள மோட்டார் சைக்கிளை முப்பத்தொரு வருஷம் கழித்துப் புதுசாக்கியிருக்கிறேன். வாசலில் நிற்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். என் மனைவி ஜீவமணி நாசரேத்தில் உங்களிடம் வந்து அழுதிருக்கிறாள். போதகர் என்கிற முறையில் நீங்களும் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, நடந்ததைச் சொல்லுங்கள் தேவதாசன் என்கிறீர்கள். சொல்வதில் சங்கடம் இல்லை. பதினாறு வருஷமாகக் கணக்கு நடத்துகிற வாத்தியார் நான், வரிசையாகவே சொல்லுகிறேன்.

எஞ்சினைத் தூத்துக்குடியில் அய்யாக்குட்டி அண்ணாச்சி பட்டறையில் கடைந்து, புது பிஸ்டன் போட்டு வாங்கி வந்தேன். கொடுக்கும்போதே அவர் சொன்னார்: "சார்வாள், மொத ஐநூறு மைலு இருபத்தஞ்சுக்கு மேல முறுக்கிராதிய. பத்து மைலுக்கு ஒருக்கா நிறுத்தி ஆறப்போடுங்க. அவசரப்பட்டா எஞ்சின் ஜாமாயிரும், பொறவு என்னக் கொறை சொல்லப்பிடாது." தொழில் தெரிந்தவர் சொன்னால் கேட்டு நடப்பது என் சுபாவம். பிள்ளைகளிடமும் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் எஞ்சினை பிரேமில் ஏற்ற உட்கார்ந்தேன். அரை மூட்டை அரிசிக் கனம், ஒற்றை ஆளால் ஆகாது. ஜீவமணியின் தம்பி ஜெபசிங் லீவுக்கு வந்திருந்தான். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. அவன் எஞ்சினைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் போல்ட்டை நுழைக்க வேண்டும். பின்பக்கத் துளை ஒரு நூல் விலகி நின்றது.

"அத்தான், நெஞ்சு என்னமோ பண்ணுது. கீழ வைக்கட்டா?"

"பொறுலே. வச்சா பெயிண்ட் உரசிரும். இந்தா முடிஞ்சிட்டு."

முடியப் பத்து நிமிஷம் ஆயிற்று. பிடித்துக்கொண்டுதான் இருந்தான். போல்ட் இறங்கியதும் பாயில் போய்ப் படுத்துவிட்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கை மரத்துப்போச்சு என்றான். பாரம் தூக்கினால் கை மரக்காமல் என்ன செய்யும்?

பதினொரு மணி பஸ்ஸில் அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஜீவமணி சொன்னது உண்மை. பஸ் ஊர் ஊராக நின்று போகும், வண்டி இப்போது தயாராகிவிடும், நானே கொண்டுபோகிறேன் என்று தடுத்தது நான். செயின் மாட்டி, கார்புரேட்டர் வைத்து, பெட்ரோல் குழாய் இழுக்க ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை வந்து நின்றாள். ஒரு தடவை ஸ்பானரைக் காலால் எற்றிவிட்டாள். நான் கோபப்படவில்லை. கடைசியில், இரண்டாவது உதையிலேயே எஞ்சின் ஸ்டார்ட் ஆனபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தம்பிக்காக அழுகிறேன் என்று நினைத்து அவள் என் தோளைத் தொட்டாள்.

அவன் விழுந்துவிடாமல் தன் பழைய சேலையால் அவனையும் என்னையும் சேர்த்துக் கட்டினாள். "கொஞ்சம் வெரசாப் போங்க" என்றாள். தூத்துக்குடி பதினெட்டு மைல். நான் இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

வேப்பலோடையைத் தாண்டியதும் பத்து மைல் ஆயிற்று. உடைமர நிழலில் நிறுத்தினேன். எஞ்சினுக்கு மட்டுமில்லை, அவனுக்கும் ஓய்வுதானே. அங்கேதான் நம்மூர் டிரைவர் ஜேசுபாதம் மீன் லாரியோடு வந்தான். ஜெபசிங்கின் அடக்கத்தன்று அவன் உங்களிடம் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. "சார், ஆளு மூஞ்சியே சரியில்ல. முன்னால ஏத்துங்க, கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரியில சேத்துருதேன்" என்றான்.

"அத்தான், நான் இதுலயே போயிருதேன்" என்றான் ஜெபசிங்.

சின்ன வயசிலிருந்தே அவன் பயந்தாங்கொள்ளி. மீன் நாற்றம் குமட்டும், வேண்டாம் என்று லாரியை அனுப்பிவிட்டேன். என் வண்டியில் கொண்டுபோகிறேன் என்று வீட்டில் சொல்லியாயிற்று, ஐயா. ஒரு வருஷமாக அந்த வண்டியைப் பார்த்து ஊரே சிரித்தது. ஆபத்துக்கு அது உதவவில்லை, மீன் லாரிதான் உதவிற்று என்று பேர் வாங்குவதா? சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை. எஞ்சின் கைபொறுக்கும் அளவுக்கு ஆறியபிறகு கிளம்பினோம்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் உயிர் போனது என்று ஜீவமணியிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அதை ஒப்புக்கொள்ளவேண்டும் என்றுதான் உங்களை உட்காரச் சொன்னேன். மற்றபடி என் பக்கம் பிசகு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தருவைகுளம் உப்பளத்துப் பக்கம் வரும்போது, என் இடுப்பைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. தலை என் முதுகில் சாய்ந்தது. அதுவரை பிடரியில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு பிறகு படவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை என்றதும் மனசு லேசாகிவிட்டது, ஐயா. இனி யாருக்கும் அவசரமில்லை. வேகத்தை இருபதுக்குக் குறைத்துக்கொண்டேன். தூத்துக்குடி போய்ச் சேரும்வரை எஞ்சின் கொஞ்சம்கூடச் சூடாகவில்லை.