வலக்கை நகங்கள்

"பேஸ் கிற்றாரா? அதின்ர சத்தம் ஆருக்கும் கேக்காதே, தங்கச்சி. எங்கட இசைக்குழுவில நீ பாடு" என்று கம்பஸில் ஒரு அண்ணா என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பஸுக்கு வந்தவள் நான். எதையும் பழகிவிடலாம் என்றிருந்த எனக்கே அன்று மனம் தளர்ந்தது.

போன வாரம் களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி நீளமான கிற்றார் பையை அணைத்திருந்தாள். மற்றவள் தொடங்கினாள்.

"மச்சாள், கலியாண வீட்டில நீ வாசிச்சது எனக்குக் கேக்கவேயில்ல."

"பைலாப் பாட்டுக்கு உன்ர கால் ஆடினதா இல்லையா?"

"அது நிக்கவேயில்லையே!"

"அதுதான் நான்."

"சரி சரி. ஆரைப் பாத்துப் பழகினாய்?"

"தன்னாமுனை சேர்ச் பாண்டில பேஸ் வாசிக்கிற ஒரு அக்கா. பழைய ஆக்கள் மாதிரி வெறும் விரலாலதான் வாசிப்பா. ரெண்டு விரலும் மாறி மாறி நடக்கும். அதைப் பாத்திட்டு வந்து வீட்டில மேசையெல்லாம் தட்டித் திரிஞ்சன்."

"அதுக்காக வலக்கை நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டுறதா? மாப்பிள்ளை வீட்டார் கேட்டா?"

"நகம் பட்டாக் கம்பி கீச்சிடும் எண்டு சொல்லு. அவங்களும் வரட்டும், பழக்கிவிடுறன்."

குருக்கள்மடத்தில் சிரித்தபடியே இறங்கினார்கள்.

அன்றே, ஆசையாக வளர்த்த என் வலக்கை நகங்களை ஒட்ட வெட்டினேன். இன்று காலை அந்த அண்ணாவிடம் பெயரும் கொடுத்துவிட்டேன். பாடுவதற்கு அல்ல.