ஏழாவது வாரத்தில் வாங்கிய கிட்டார்

கிட்டார் வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். என் தங்கையும் அப்படித்தான். கடைக்குள் நுழைந்ததும் சுவரில் தேன் நிறத்தில் தொங்கிய ஒன்றின் முன்னால் போய் நின்றுவிட்டாள். நான் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. விரல்களைப் பற்றித் தெரியும். ஆஸ்பத்திரியில் கைக்கான பிசியோதெரபி பிரிவில் பத்தொன்பது வருஷ வேலை. வெட்டுப்பட்ட கை, நசுங்கின கை, மிஷினில் மாட்டின கை என்று எத்தனையோ பேரின் விரல்களை மறுபடி மடங்க வைத்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை மட்டும் எழுதினால் நியாயமாக இருக்காது.

தங்கையின் முதல் காயத்தில் எனக்குப் பங்கு இல்லை. ஒரு தகர டப்பா மூடி. அவளே திறந்தாள், அவளே அறுத்துக்கொண்டாள். இடது கை மோதிர விரலில், உள்பக்கம். விரலை மடக்குகிற தசைநாண் துண்டாகிவிட்டது. துணியைச் சுற்றி, கையைத் தூக்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினது நான்தான். சர்ஜன் நன்றாகவே தைத்தார்.

"பன்னெண்டு வாரம். அதுவரைக்கும் இந்த விரலால எதையும் அழுத்தக் கூடாது. மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்" என்றார் என்னிடம்.

சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை என்று எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருக்கிறது. அவள்தான் கேட்கவில்லை. "வேற யாரும் என் கையைத் தொட வேணாம். அக்கா மட்டும்தான்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அப்போது இருபத்துமூன்று. என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும், சொல்லிவைத்த மாதிரி, "தங்கச்சி எங்க இருப்பா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். என்னோடுதான் என்றேன். வந்த வழியே போனார்கள். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவள் தலையில் பேன் எடுத்தது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, முதல் கிட்டாரை வாங்கிக் கொடுத்தது எல்லாம் நான் என்பதற்காகச் சொல்கிறேன். அது நைலான் கம்பி போட்ட சின்னக் கிட்டார்.

காயத்துக்கு ஐந்தாவது வாரம் அவளுக்குக் கடிதம் வந்தது. பயணிகள் கப்பலில் வாசிக்கிற ஒரு குழுவில் இடம், இரண்டு வருஷத்துக்கு. நான்கு மாதம் கழித்துச் சேர்ந்தால் போதும். ஸ்டீல் கம்பிக் கிட்டார் வேண்டும், அதில் பிக்கப் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பிக்கப் இருந்தால் மைக் முன்னால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார வேண்டாம், கம்பியின் சத்தம் நேராக ஸ்பீக்கருக்குப் போகும் என்று அவள் எனக்கு விளக்கினாள். சந்தோஷம் என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

"ரெண்டு வருஷம்டி. வார்டன் இல்லாத ரெண்டு வருஷம். மூச்சு விட்டுப் பாக்கப் போறேன்."

சிரித்தாள். வார்டன் என்பது நான். அப்போது அவளுடைய சட்டைக்குத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காலரை முடித்தேன், கை மடிப்பை முடித்தேன், மடித்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று யாராவது எழுதினால் அது தப்பு.

பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகு கிட்டார் வாங்கலாம் என்று அவள் இருந்தாள். இந்த வாரமே போகலாம் என்றது நான்தான்.

"சர்ஜன் பன்னெண்டு வாரம்னு சொன்னாரே, அக்கா?"

"அவர் தைக்கிறவர். மடங்க வைக்கிறவ நான். உன் விரல் நல்லா முன்னேறியிருக்கு."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அது ஏழாவது வாரம்.

கடைக்காரர் பழுதும் பார்ப்பவர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். அவள் விரலில் இருந்த தழும்பைப் பார்த்ததும் தேன் நிறத்தை விட்டுவிட்டு, உடம்பு சின்னதாக இருந்த வேறொன்றை எடுத்து வந்தார்.

"இது விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். மெல்லிசு கம்பி, கட்டையிலேருந்து கம்பியோட உயரமும் கம்மி, ரொம்ப அழுத்த வேணாம். பிக்கப் இருக்கிறதால மெதுவா தொட்டாலே போதும். மிச்சத்த ஸ்பீக்கர் பாத்துக்கும்."

அவர் சொன்னது சரி. அவளுக்குப் பொருத்தமான கிட்டார் அதுதான். நான் ஒரு சந்தேகம் கேட்டேன். கம்பியைச் சரியாக அழுத்தாவிட்டால் என்ன ஆகும்?

"கர்ருனு இரையும். சாதாரணக் கிட்டார்ல பெருசா தெரியாது. பிக்கப் வெச்சதுல ஒளிவு மறைவு கிடையாது. கூடத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அவளை உள்ளறைக்கு ஸ்பீக்கர் பார்க்க அனுப்பிவிட்டு, தேன் நிறத்தில் இருந்த பெரிய கிட்டாரையே எடுத்துக்கொள்கிறோம் என்றேன். இருப்பதிலேயே தடித்த கம்பி போடச் சொன்னேன். கம்பியின் உயரத்தையும் ஏற்றச் சொன்னேன்.

"கல்லுல நார் உரிக்கிற வேலைம்மா அது. நல்ல கைக்கே பழக மூணு மாசம் ஆகும்."

"நான் கை வைத்தியம் பாக்கிறவ. அந்த விரலுக்கு எதிர்ப்பு குடுத்தாத்தான் பலம் வரும்."

அவர் என்னைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டின் மரியாதை, கோட்டைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். "நீங்க சொன்னா சரி" என்றார். கம்பிக்கு அடியில் இருக்கிற எலும்புத் துண்டை மாற்றி உயரம் ஏற்றிக் கொடுத்தார். வெளியே வந்த தங்கைக்குத் தான் கேட்ட நிறமே கிடைத்ததில் தலைகால் புரியவில்லை.

எட்டு நாள் வாசித்தாள். ஸ்பீக்கரில் ஒவ்வொரு சுரமும் இரைந்தது. நான் பக்கத்து அறையில் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

"அக்கா, இரையுது."

"இன்னும் அழுத்து."

"வலிக்குது."

"வலிச்சாத்தான் விரல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். விட்டுடாத."

பதினான்காவது வாரத்தில் இருக்கிற நோயாளியிடம் நான் தினமும் சொல்கிற வார்த்தைகள் இவை. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஏழு வாரம் சீக்கிரமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அறுந்தது. உள்ளே யாரோ ரப்பர் பேண்டை அறுத்துவிட்ட மாதிரி இருந்தது என்றாள். வலிகூட அவ்வளவாக இல்லையாம். விரல் மட்டும் மடங்கவில்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, வெங்காய வாசனை போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்து, அப்புறம் அவள் கையைப் பிடித்தேன்.

"யாரு அனுமதி குடுத்தது?" என்று சர்ஜன் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"நானே அவசரப்பட்டு எடுத்துட்டேன் டாக்டர். அக்காவுக்குத் தெரியாது."

நான் வாரக் கணக்கில் தவறிவிட்டேன் என்று நினைத்து என்னைக் காப்பாற்றினாள். அப்போது என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். எரிச்சல்தான். என்னை மன்னிக்கிற அளவுக்கு இவள் எப்போது பெரியவளானாள் என்று இருந்தது.

இரண்டாவது ஆபரேஷன் சரியாக அமையவில்லை. விரல் கொக்கி மாதிரி பாதி மடங்கின நிலையிலேயே நின்றுவிட்டது. கப்பல் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நாங்கள் நன்றாகவே இருந்தோம். தலை பின்னிவிட்டேன், பொத்தான் போட்டுவிட்டேன், அந்த விரலுக்குத் தினமும் எண்ணெய் நீவிவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போகப் பார்த்த பயிரைப் பற்றி யாரும் பழமொழி சொல்லிவைக்கவில்லை.

நான் வேலைக்குப் போகிற பகல் நேரங்களில் அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. கிட்டாரை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போயிருக்கிறாள். கம்பிகளை இடம் வலமாக மாற்றிக் கட்டச் சொல்லியிருக்கிறாள். வலது கையால் அழுத்தி, இடது கையால் மீட்டினால் அந்த விரல் யாருக்கும் தொந்தரவில்லாமல் மடங்கிக் கிடக்கலாமே. முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் தலைகீழாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"கடைக்காரர் கேட்டார். அன்னைக்கே நான் மெல்லிசு கம்பிதானே சொன்னேன், உங்க அக்கா ஏன் தடிச்சது கேட்டாங்கன்னு. உயரத்த ஏத்தச் சொன்னதும் நீதானாமே."

"விரலுக்குப் பலம் வரட்டும்னுதான்."

"ஏழாவது வாரத்துலயா?"

வாரக் கணக்கு அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது. நான் தண்ணீர் குடித்தேன். அவள் தட்டைக் கழுவி வைத்தாள். என் தட்டையும் சேர்த்துக் கழுவினாள். அடுத்த வாரம் வேறொரு குழுவோடு போய்விட்டாள். ஒரே ஒரு செய்தி வந்தது: 'வந்து சேர்ந்துட்டேன். தேடாதீங்க.'

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசினவள். அந்த 'தேடாதீங்க'வைத்தான் என்னால் படிக்க முடியவில்லை.

திட்டியிருக்கலாம். போலீசுக்குப் போயிருக்கலாம். எட்டு மாதம் காத்திருந்தேன். ஒரு புகார் இல்லை, ஒரு வக்கீல் கடிதம் இல்லை. அதனால்தான் உரிமம் கொடுக்கிற இந்தக் குழுவிடம் நானே வந்து என் சிகிச்சைக் குறிப்புகளை உங்கள் மேஜையில் வைத்தேன். தேதிகள் என் கையெழுத்தில் இருக்கின்றன. கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தசைநாண் தாங்காது என்று எனக்குத் தெரியும். அறுந்துபோக வேண்டும் என்பதற்காகவே அந்தக் கிட்டாரையும் அந்தக் கம்பியையும் தேர்ந்தெடுத்தேன். என் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வழக்குப் போடுங்கள், எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். சாட்சி சொல்ல அவள் நேரில் வந்துதானே ஆக வேண்டும்? என்றைக்கு என்று இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அறையைத் துடைத்து, படுக்கை விரிப்பை மாற்றி வைக்க வேண்டும். வெளியில் எங்கேயாவது தங்கினால் அவளுக்குத் தூக்கம் வராது.